சயாம் இரயில்பாதையும் நம் மக்கள் தொகையும்



"சயாமுக்குப் போனவர் வரவேயில்லை" என்ற பேச்சு நம் தோட்டத்து வீடுகளுக்குப் புதிதல்ல. போனவர் ஒருவர். அவரோடு போனவர்கள் எத்தனை பேர் என்று இன்று சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் இரண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்புகளை எடுத்துக்கொள்வோம். 1931-ஆம் ஆண்டில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சேர்த்து இந்தியர் ஏறக்குறைய 6 லட்சத்து 20 ஆயிரம் பேர். அடுத்த கணக்கெடுப்பு போருக்குப் பின், 1947-இல்தான் நடந்தது. அப்போது ஏறக்குறைய 6 லட்சம் பேர். பதினாறு ஆண்டுகளில் நாம் கூடவில்லை, குறைந்திருக்கிறோம். அதே காலத்தில் சீனர்கள் 17 லட்சத்திலிருந்து 26 லட்சமாகவும், மலாய்க்காரர்கள் பத்தொன்பதரை லட்சத்திலிருந்து 25 லட்சத்துக்கு மேலாகவும் பெருகினார்கள்.

இந்தக் குறைவு முழுவதையும் போரின் தலையில் கட்டிவிடக் கூடாது. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது, லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். பிறகு 1938-இல், தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. அதுவரை ஒருவர் செத்தாலும் ஊர் திரும்பினாலும், அடுத்த கப்பலில் வந்தவர் அவர் இடத்தை நிரப்பினார். ஜப்பானியர் வந்தபோது அந்த வழி அடைபட்டிருந்தது. யார் போனாலும் அவர் இடம் காலிதான்.

போனவர்கள் யார்? சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்துக்கு இரயில்பாதை போட ஜப்பானியருக்கு ஆள் தேவைப்பட்டது. 1942-இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. முதலில் நல்ல சம்பளம், சில மாத வேலை என்று ஆசை காட்டினார்கள். ஆள் போதாதபோது தோட்டங்களில் புகுந்து லோரியில் ஏற்றினார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டம் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனதும் உண்டு. மலாயாவிலிருந்து மட்டும் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். மலேரியா, வயிற்றுக்கடுப்பு, காலில் புரையோடிய புண், மழைக்காலத்தில் காலரா, இவற்றோடு அடியும் பட்டினியும். ஆசியத் தொழிலாளர் எல்லாரையும் சேர்த்து 80 ஆயிரம் முதல் ஒரு லட்சம் பேர் வரை இறந்திருப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். போர்க்கைதிகளான வெள்ளைக்காரர்களுக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது. காஞ்சனபுரியில் அவர்களுக்கு ஏறக்குறைய 7 ஆயிரம் கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. நம்மவர்களுக்கு மதிப்பீடுதான் உண்டு.

இனி வயதைக் கவனியுங்கள். பாதை போடக் கிழவனையோ குழந்தையையோ தேடிப் பிடிக்க மாட்டார்கள். போனவர்களில் மிகப் பலர் வாலிபர்கள், குடும்பத் தலைவர்கள். அந்த ஆண்டுகளில் மனைவி ஒருபுறம், கணவன் ஒருபுறம். தோட்டத்தில் அரிசி கிடையாது, மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. மலேரியாவுக்கு மருந்தில்லை. பிறக்க வேண்டிய பிள்ளைகள் பிறக்கவில்லை, பிறந்ததில் பல தங்கவில்லை.

பால் வெட்டுகிறவர்களுக்கு ஒன்று தெரியும். கத்தி ஆழமாகப் பட்டு மரத்தில் காயம் விழுந்தால், புதுப்பட்டை வளர்ந்த பிறகும் அந்த இடத்தில் முடிச்சு நிற்கும். பல ஆண்டுகள் கழித்து மறுவெட்டு அங்கே வரும்போது கத்தி தட்டும். மக்கள் தொகையில் விழுந்த காயமும் அப்படித்தான். நம் கூட்டம் சிறியது, பதிவேடும் அரைகுறை. எனவே இதே போரில் அடிபட்ட ஒரு பெரிய நாட்டின் கணக்கைப் பார்ப்போம்.

சோவியத் நாடு அந்தப் போரில் சுமார் 2 கோடியே 70 லட்சம் பேரை இழந்தது. போர் முடிந்து 14 ஆண்டுகளுக்குப் பிறகு, 1959-இல் எடுத்த கணக்கிலும் அங்கே ஆண்களைவிடப் பெண்கள் ஏறக்குறைய 2 கோடி அதிகம். போர்க்காலத்தில் பிறக்காமல் போன பெண்பிள்ளைகள் 1960-களின் பிற்பகுதியில் தாய்மாராகி இருக்க வேண்டியவர்கள். அந்த ஆண்டுகளில் ரஷ்யாவில் பிறப்பு குறைந்தது. 1990-களில் மறுபடியும் ஒரு பள்ளம். வேறு காரணங்களும் சேர்ந்தன என்றாலும், பழைய முடிச்சு அங்கே தட்டியது உண்மை.

நம் மலாயாவில் இன்னொரு மாற்றமும் நடந்தது. 1931-இல் இந்தியரில் ஐந்தில் ஒருவர்தான் இங்கே பிறந்தவர். 1947-இல் பாதியளவினர் இங்கே பிறந்தவர்கள். புதிதாக வருவோர் நின்றுபோனார்கள். தனியாளாக வந்தவர்களில் பலர் ஊர் திரும்பினார்கள், பலர் மாண்டார்கள். குடும்பங்கள் எஞ்சின. புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, விடியுமுன் பெரட்டுக்கு வந்து நின்ற பெண்கள் வளர்த்த குடும்பங்களும் அவற்றில் உண்டு.

சென்ற ஆண்டு நம் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களைக் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னோம். ஒரு பையன் தன் பாட்டியிடம் கேட்டுக் கேட்டு வரைந்திருந்தான். கொள்ளுத்தாத்தாவுக்குக் கீழே நாற்பத்துமூன்று பெயர்கள், தாள் கொள்ளவில்லை. பக்கத்தில் அவருடைய தம்பிக்கு ஒரு கட்டம். கல்யாணம் ஆகாதவர், வயது பத்தொன்பது. கட்டத்துக்குள் பெயரும் 'சயாம்' என்ற சொல்லும் மட்டும் இருந்தன.

"இதற்குக் கீழே என்ன எழுதுவது, சார்?" என்று கேட்டான். இடத்தை அப்படியே விட்டுவை என்றோம். அந்தத் தாளை வகுப்புச் சுவரில் ஒட்டினோம். பாதித்தாள் வெள்ளையாகவே இருக்கிறது.