பனியைச் சுமந்த கூரையும் தள்ளிவிடும் கூரையும்

நம்ம ஊர்க் கூரைக்கு எதிரி மழையும் காற்றும். நான் வேலை பார்க்கும் காஷ்மீரில் எதிரி, எடை! பனி கண்ணுக்குத்தான் பஞ்சு. விழுந்த புதிதில் ஒரு கன மீட்டர் பனி 100 கிலோ அளவில் இருக்கும். சில நாள் கிடந்து அமுங்கினால் 200, 300 என்று ஏறும். பத்துக்கு ஐந்து மீட்டரில் ஒரு மாட்டுக் கொட்டகை, அதன் மேல் ஒரு மீட்டர் அமுங்கிய பனி என்றால் குறைந்தது பத்து டன். ஒரு லாரி லோடு தலைக்கு மேலே நிற்கிறது. கீழே மாடு அசை போட்டுக்கொண்டிருக்கிறது.

அந்தக் காலத்தில் இதை எப்படிச் சமாளித்தார்கள்? வால்டர் லாரன்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1895-ல் வெளியிட்ட 'தி வேலி ஆஃப் காஷ்மீர்' புத்தகத்தில் கிராமத்து வீடுகளை விவரித்திருக்கிறார். குளிர்காலத்தில் கீழ்த்தளத்தில் ஆடு மாடு, அதற்கு மேலே மனிதர்கள், பரணில் புல்லும் விறகும். வீடும் தொழுவமும் வைக்கோல் போரும் ஒரே கூரைக்குள். அது விழுந்தால் எல்லாமே போச்சு.

பழைய கூரைகளில் ஒரு வகை மண் கூரை. மரச்சட்டத்தின் மேல் பூர்ஜ மரப்பட்டையை அடுக்கடுக்காக விரித்து, அதன் மேல் மண். பட்டை தண்ணீரை உள்ளே விடாது. மண், பட்டையை அழுத்திப் பிடிக்கும், குளிரையும் மட்டுப்படுத்தும். வசந்தத்தில் கூரை மேலேயே ஐரிஸும் டியூலிப்பும் பூக்குமாம்!

அழகுதான். ஆனால் மண்ணே பெரிய பாரம். சரிவும் குறைவு என்பதால் பனி தானாக வழுக்கி விழாது. ஒவ்வொரு பனிப்பொழிவுக்கும் ஆள் மேலே ஏறி, வாரித் தள்ள வேண்டும். நிலம் ஆடினாலோ கேட்கவே வேண்டாம். 1885 மே 30 நிலநடுக்கத்தில் 3,000-க்கும் மேற்பட்ட மனிதர்களும் ஆயிரக்கணக்கான கால்நடைகளும் மாண்டார்கள். கனமான கூரை அப்படிப்பட்ட நேரத்தில் எமன்.

இருபதாம் நூற்றாண்டில் நெளி தகரம் மெல்ல மெல்ல மண்ணின் இடத்தைப் பிடித்தது. எடை குறைவு, செங்குத்தாகப் போடலாம். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875, நான்காம் பாகம் (1987) சொல்லும் கணக்கு எளிது. சரிவு 30 டிகிரி வரை என்றால் தரையில் விழும் பனியில் 80 சதவீதம் கூரைக்கு வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 45 டிகிரியில் 40 சதவீதம். 60 டிகிரியைத் தாண்டினால் எதுவும் தங்காது.

அப்ப பிரச்னை தீர்ந்ததா? இல்லைங்க. வெயில் படும் பக்கம் பனி சரிந்துவிடும், நிழல் பக்கம் அப்படியே நிற்கும். ஒரு பக்கப் பாரத்தில் கைமரங்கள் முறுக்கிக்கொள்ளும். இன்னொன்று, வீட்டுக் கூரையிலிருந்து சரியும் பனி நேராக எங்கே விழுகிறது? சுவரை ஒட்டிப் போட்ட தாழ்வான மாட்டுச் சாய்ப்பின் மேலே! மேல் கூரை தப்பித்தது, கீழ்க் கூரைக்கு ரெட்டைப் பாரம். 2021 ஜனவரியில் தெற்கு காஷ்மீரில் பெரும்பனி பெய்து கட்டடங்கள் சேதமானபோது நான் முதலில் பார்க்கச் சொன்னது இந்தச் சாய்ப்புகளைத்தான்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. சாய்ப்பைப் பனி விழும் இடத்திலிருந்து தள்ளிப் போடலாம், முடியாவிட்டால் அதற்குக் கூடுதலாகத் தூண் கொடுக்கலாம். வாரும்போது இரண்டு பக்கமும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக வார வேண்டும். மாட்டை முதலில் வெளியே ஓட்டிவிட வேண்டும்.

ஆனால் வாருவது யார்? ஷோபியான் பக்கம் ஆப்பிள் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "இஞ்சினியர் சாப், தகரம் போட்டதும் கூரை ஏறுகிற பழக்கமே போய்விட்டது. ஏறத் தெரிந்த பையன்கள் இரண்டு பேரும் டெல்லியில்." எழுபது வயதில் அவரே ஏணி வைத்து ஏறுகிறார்.

அதைக் கேட்டபோது எனக்கு ஊரில் இருக்கும் அப்பா ஞாபகம் வந்தது. உங்கள் வீட்டில் மழைக்கு முன்னால் ஓடு மாற்ற இப்போது யார் ஏறுகிறார்கள்? பின்னூட்டத்தில் சொல்லுங்களேன்.