சங்குக்கு அளவு, அட்டைக்குத் தடை

மீன்பிடிப் பொருளாதாரத்தை எழுத வருபவர்கள் பெரும்பாலும் ஸ்காட் கார்டனிடமிருந்தே தொடங்குகிறார்கள். கனடாவைச் சேர்ந்த இந்தப் பொருளியலாளர் 1954-ல் எழுதிய கட்டுரையின் வாதம் எளிமையானது. கடலுக்குச் சொந்தக்காரர் இல்லை. இன்று விட்டுவைக்கும் மீன் நாளை தன் வலையில்தான் விழும் என்ற உறுதி எந்த மீனவருக்கும் கிடையாது. அதனால் லாபம் முழுவதும் கரைந்துபோகும்வரை படகுகள் பெருகிக்கொண்டே போகும். 1968-ல் காரெட் ஹார்டின் இதே எண்ணத்தை மேய்ச்சல் நில உவமையோடு உலகெங்கும் கொண்டுசேர்த்தார். மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் கடல் அட்டைக்கு நேர்ந்ததை இவர்கள் வழியிலேயே விளக்குவது வழக்கமாகிவிட்டது: கடல் யாருக்கும் சொந்தமில்லை, ஆளாளுக்கு அள்ளினார்கள், கடைசியில் அரசு தடைபோட வேண்டியதாயிற்று.

இந்த விளக்கம் இந்தக் கடலுக்குப் பொருந்தவில்லை.

கார்டனுக்கு நியாயம் செய்ய வேண்டும். பழைய சமூகங்கள் பொது உடைமையின் ஆபத்தை உணர்ந்து தமக்கென வரம்புகளை வகுத்துக்கொண்டதை அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் சொந்தக்காரர் என்று ஒருவர் வந்துவிட்டால் அவர் தன் சொத்தைக் காப்பார் என்பது அவருடைய கட்டுரையின் அடியில் ஓடும் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைச் சோதிக்க ராமநாதபுரம் கடற்கரையைவிடத் தகுந்த இடம் அரிது. இங்கே கடலுக்குச் சொந்தக்காரர் இருந்தார்.

1904-ல் சென்னை உயர் நீதிமன்றம் விசாரித்த வழக்கு ஒன்றைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். பாக் விரிகுடாவில், கரையிலிருந்து சில மைல் தள்ளி ஒரு சங்குப் படுகை. ராமநாதபுரம் ராஜாவிடமிருந்து அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தார் ஒருவர். வேறு சிலர் அங்கே சங்கு எடுத்தார்கள். கடலடியில் உயிரோடு ஊரும் சங்கை எடுப்பது திருட்டாகுமா? ஆகும் என்ற பக்கமே நீதிமன்றம் நின்றது. இந்தத் தீர்ப்பைச் சட்ட அறிஞர்கள் இந்திய-இலங்கைக் கடல் எல்லை பற்றிய விவாதங்களில் எடுத்துக்காட்டுவதுண்டு. பொருளாதார வரலாற்றுக்கு அது சொல்வது வேறு. கட்டடமோ வேலியோ இல்லாத கடலடி மணல், விலை பேசிக் குத்தகைக்கு விடப்பட்ட சொத்தாக இருந்திருக்கிறது. ராமநாதபுரம் அரசர்களான சேதுபதிகளின் சங்கு உரிமை எந்தக் காலத்தில் தொடங்கியது என்ற கேள்வியை இந்த ஒரு வழக்கை வைத்து முடித்துவிட முடியாது. 1904-ல் இந்தக் கடல் 'யாருக்கும் சொந்தமில்லாதது' அல்ல என்பது மட்டும் உறுதி.

அப்படியானால் சங்கைக் காத்தது அந்த உடைமைதானே என்று கார்டனின் வழிவந்தவர்கள் கேட்கலாம். தூத்துக்குடியில் அரசே சங்குகுளியை நடத்தியபோது, குறிப்பிட்ட விட்டத்துக்குக் குறைந்த சங்கைக் கடலிலேயே திரும்ப விட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த விட்டம் எதைக் கொண்டு முடிவாயிற்று? சங்கு வங்காளத்துக்குப் போயிற்று. அங்கே அதை அறுத்து மணமான பெண்களுக்கு வளையல் செய்தார்கள். கைக்குள் நுழையாத வளையலை எந்தப் பெண் வாங்குவாள்? சிறிய சங்குக்குச் சந்தையில் நல்ல விலை இல்லாததால் அதைக் கடலில் விட்டுவிடுவதில் பெரிய நஷ்டமும் இல்லை. உடைமை உதவியிருக்கலாம், ஆனால் அளவுகோலைக் கொடுத்தது வங்காளத்து மணிக்கட்டுதான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அட்டைக்கு அப்படியொரு மணிக்கட்டு இல்லை.

வெள்ளை அட்டையைப் பதப்படுத்தும் முறையைப் பார்த்தாலே இது விளங்கும். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, அண்டாவில் வேகவைத்து, ஈர மணலில் குழிதோண்டி இரவு முழுக்கப் புதைப்பார்கள். மறுநாள் எடுத்துத் தேய்த்தால் சுண்ணாம்பு படிந்த மேல்தோல் உரிந்து வரும். மீண்டும் வேகவைத்து வெயிலில் காயப்போட்டால், உயிரோடு இருந்த எடையில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. கருகிய கட்டைபோல் இருக்கும் இதை நம் வீடுகளில் யாரும் சமைப்பதில்லை. அத்தனையும் சிங்கப்பூர், ஹாங்காங் வழியாகச் சீனர்களின் சமையலறைக்குத்தான். பெரியதற்குக் கூடுதல் விலை உண்டு. ஆனால் சிறியதையும் வாங்க ஆள் இருந்தது. ஆயிரம் ஆண்டுகளாகச் சீனருடன் இந்த வணிகம் நடக்கிறது என்று பலரும் எழுதுகிறார்கள். அந்தக் காலக்கணக்கை இங்கே சான்றாகக் கொள்ளவில்லை.

1982-ல் மூன்று அங்குலத்துக்குக் குறைந்த அட்டையின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடைவிதித்தது. சிறியதன் விலையைப் பறிக்கும் முயற்சி என்ற வகையில் அது சரியான திசை. ஆனால் அளந்தது காய்ந்த சரக்கை; காயும்போது நீளமும் வெகுவாகக் குறையும். உயிருள்ள அட்டை படகில் ஏறும்போது அளக்க எந்த ஏற்பாடும் இல்லை. தல்லுமடி, இழுவைமடி ஆகிய வலைகளில் சிக்கி வரும் குஞ்சுக்கு ஏற்றுமதியாளரின் பெட்டியில் இருக்கும் விதி எப்படித் தெரியும்?

அடுத்து வந்தது 2001 ஜூலை அறிவிக்கை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் எல்லாக் கடல் அட்டைகளும் சேர்ந்தன. சுறா, திருக்கை இனங்களும் மொத்தமாகச் சேர்ந்தன. அதே ஆண்டு டிசம்பரில் திருத்தம் வந்தது. சுறா, திருக்கைப் பட்டியல் வேளா மீன் உள்ளிட்ட பத்து இனங்களாகச் சுருங்கியது. அட்டையின் வரியில் 'எல்லா' என்ற சொல் அப்படியே நின்றது. ஒரே பட்டியலுக்கு ஐந்து மாத இடைவெளியில் இரண்டு பாடங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவர்கள் குறைவு.

சுறா ஏன் விடுபட்டது, அட்டை ஏன் விடுபடவில்லை? அறிவியல் காரணம் மட்டுமே போதும் என்று தோன்றவில்லை. சுறா குஜராத்திலிருந்து குமரி மாவட்டத்துத் தூத்தூர் வரை பிடிபடும் மீன். அதை நம்பிய குடும்பங்கள் பல மாநிலங்களில் இருந்தன. அதன் கறி உள்ளூரிலேயே விலைபோனது. அட்டையை நம்பியவர்களோ பெரும்பாலும் இந்த இரண்டு கடற்பகுதிகளின் குளிகாரர்களும் சிறு வியாபாரிகளும். அவர்கள் குரல் டெல்லிக்கு எட்டவில்லை. இது ஊகம்தான்; ஆனால் இரண்டு பாடங்களுக்கும் இடையிலான வேறுபாட்டை இதைவிடப் பொருத்தமாக வேறெதுவும் விளக்கவில்லை.

விளைவுகள் தெரிந்தவை. ராமேஸ்வரம் தீவின் முனையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இலங்கையின் தலைமன்னார். அங்கே உரிமம் பெற்று அட்டை பிடிக்கலாம், ஏற்றுமதியும் செய்யலாம். இக்கரையில் சட்டப்படி விலையில்லாத பொருள், அக்கரையில் காசு. கடத்தல்காரரின் வருமானம் அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. பிடிபட்டுச் சிறைக்குப் போவது குளிகாரரும் படகோட்டியும்.

தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் வெள்ளை அட்டையைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்து காட்டியது 1988-ல். பிறகு வியட்நாமிலும் மடகாஸ்கரிலும் அதே இனத்தின் வளர்ப்பு தொழிலாக வேர்பிடித்தது. 2001-ன் 'எல்லா' என்ற சொல்லோ பொரிப்பகத்தில் பிறந்ததையும் கடலில் பிறந்ததையும் பிரித்துப் பார்க்கவில்லை. இப்போது யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் ஆழமற்ற கடலில் வலையடைத்து, இடத்தை ஒதுக்கி வாங்கி அட்டை வளர்க்கிறார்கள். கார்டன் தேடிய சொந்தக்காரர் அங்கே வந்துவிட்டார். கரையோரச் சிறு மீனவர்களோ தங்கள் தொழிலிடம் பறிபோகிறது என்று போராட்டத்தில் இறங்கினார்கள்.