ஒரே சட்டம், இரண்டு வாசல்

எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல கடைசி வரிசைக்கு ‘மக்கு வரிசை’ன்னு பேரு. சேரிப் பிள்ளைகள் நாங்கள்தான் அதில் உட்கார்ந்திருப்போம். என் பக்கத்துல இருந்தவன் எந்தக் கணக்கையும் வாயாலேயே போட்டுடுவான், எழுத்துதான் கூடல. ஏன் கூடலன்னு எந்த வாத்தியாரும் கேட்டதில்லை. ஐந்தாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போனான். நியூயார்க் நகரத்துத் தனியார் சிறப்புப் பள்ளிகளைப் பற்றிப் படிக்கப் படிக்க அவன் முகம்தான் வந்தது.

அந்தக் கதை வாஷிங்டனில் தொடங்குகிறது. 1972இல் ‘மில்ஸ்’ வழக்கு. வழக்கில் பெயர் கொடுத்த ஏழு பிள்ளைகளும் கறுப்பர்கள். ஊனத்தைக் காட்டி எந்தப் பிள்ளையையும் வெளியே தள்ளக்கூடாது, காசில்லை என்பது சாக்காகாது என்றது நீதிமன்றம். 1975இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது.

சட்டம் வந்தது, ஆனால் முத்திரை போகவில்லை. சான்பிரான்சிஸ்கோவின் ‘லாரி பி.’ வழக்கில் வெளிவந்த கணக்கைப் பாருங்கள்: மாணவர்களில் கறுப்பர்கள் 28.5 சதம், ‘மந்தபுத்தி’ வகுப்புகளில் 66 சதம். அறிவுச் சோதனை என்று ஒரு தாளை நீட்டிப் பிரித்திருக்கிறார்கள். கறுப்புப் பிள்ளைகளை அப்படிப் பிரிக்க அந்தத் தாள் செல்லாது என்று 1979இல் தீர்ப்பானது.

அதே சட்டத்தில் இன்னொரு வாசலும் திறந்தது. அரசுப் பள்ளி தகுந்த கல்வி தரவில்லை என்று காட்டினால், தனியார் பள்ளிக்குக் கட்டிய பணத்தைப் பெற்றோர் திரும்பப் பெறலாம் என்று உச்சநீதிமன்றம் 1985இல் ‘பர்லிங்டன்’ வழக்கிலும் 1993இல் ‘கார்ட்டர்’ வழக்கிலும் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் பெரும்பாலும் முதலில் கைக்காசைக் கட்டணும். வக்கீல் வைக்கணும். தனியார் நிபுணரிடம் பரிசோதனை எடுக்கணும். நியூயார்க்கில் இந்தப் பள்ளிகளின் ஆண்டுக் கட்டணம் பல பத்தாயிரம் டாலர். அன்றாடங்காய்ச்சி எங்கே போவான்?

அந்நகரத்து அரசுப் பள்ளிகளில் பாதிக்கு மேல் கறுப்பரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும்தான். ‘75ஆம் மாவட்டம்’ எனப்படும் அரசின் தனிச் சிறப்புப் பள்ளிகளிலும் அவர்களே நிறைந்திருக்கிறார்கள். வழக்காடி நகரத்தின் பணத்தில் நுழையும் தனியார் வகுப்புகளிலோ வெள்ளை முகங்களே விகிதத்தை மீறி இருக்கின்றன. ஒரே குறைபாடு ஒரு பிள்ளைக்குச் சலுகையாகிறது, இன்னொரு பிள்ளைக்கு ஒதுக்கலாகிறது.

வழக்குப் போட்டுக் கதவைத் திறந்த பிள்ளைகளின் இனம் எது, உள்ளே போய் உட்கார்ந்த பிள்ளைகளின் இனம் எது என்று நாம் கேட்கணும். சட்டம் வந்தாச்சு என்று ஓய்ந்துவிடுகிற நமக்கும் அந்தக் கேள்வி உண்டு. என் பக்கத்துல இருந்தவன் இன்னும் விரல் ரேகைதான் வைக்கிறான்.