ஒரு நீர்த்தேக்கம், ஒரு பள்ளத்தாக்கு: கேட்ரினும் அஃப்ரிக்கும்

லாக் கேட்ரின் கிளாஸ்கோ நகருக்குக் குடிநீர் தரும் தேக்கம். கிளென் அஃப்ரிக் பழைய பைன் காடு நிற்கும் மலைப்பள்ளத்தாக்கு. ஸ்காட்லாந்தில் நடைபயணம் போகிறவர்கள் முன்னதை மனிதர் ஆக்கியது என்றும் பின்னதை இயற்கை விட்டுவைத்தது என்றும் வகைபிரித்துக்கொண்டே கிளம்புகிறார்கள். இரண்டு கரைகளிலும் நடந்து திரும்பியபின் அந்த வகைபிரிப்பு எவ்வளவு தாங்கும் என்று நிறுத்துப் பார்ப்பதே இந்த ஒப்பாய்வு.

முதலில் தண்ணீர். காலராவால் மீண்டும் மீண்டும் அடிபட்ட கிளாஸ்கோ, பொறியாளர் ஜான் ஃபிரெடரிக் பேட்மனின் திட்டப்படி கேட்ரினின் நீரை வரவழைத்தது. 1859 அக்டோபர் 14 அன்று விக்டோரியா அரசி அதைத் திறந்துவைத்தார். ஏறத்தாழ 41 கிலோமீட்டர் நீளக் கால்வாயும் குடைவழியும் மைலுக்குப் பத்து அங்குலச் சரிவில் இறங்குகின்றன. எந்த இயந்திரமும் இறைக்காமல், தன் எடையாலேயே நீர் நகரம் சேர்கிறது. இத்தனை வேலையும் நடந்த ஏரியின் கரையில் நிற்பவருக்கு அதில் ஒன்றும் தெரிவதில்லை. முதலில் நான்கடியும் பின்னர் மேலும் சிலவும் என நீர்மட்டம் உயர்த்தப்பட்டாலும், மலைகளுக்கிடையே எப்போதும் கிடந்த ஏரியாகவே கேட்ரின் காட்சி தருகிறது.

அஃப்ரிக்கில் இதற்கு நேர்மாறான வியப்பு காத்திருக்கிறது. மனிதக் கை படாத இடம் என்று நம்பி வருகிறவர் முதலில் காண்பது பெனிவீன் ஏரி. அதன் கீழ்க்கோடியில் ஓர் அணை உண்டு. பக்கத்துக் கேனிக் பள்ளத்தாக்கில் முல்லர்டாக் அணை பிடித்துவைக்கும் நீர் மலையைக் குடைந்த சுரங்கவழியாக இங்கே வருகிறது. இங்கிருந்து இன்னொரு சுரங்கத்தில் இறங்கி ஃபாஸ்னகைல் மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகிறது. அப்படியானால் அஃப்ரிக்கின் முதல் ஏரியும் ஒரு தேக்கமே. ஏரியாகத் தோன்றும் தேக்கம் கேட்ரின். காட்டுக்குள் தேக்கத்தை வைத்திருக்கும் பள்ளத்தாக்கு அஃப்ரிக்.

இரண்டிலும் பொறியியல் இவ்வளவு அடக்கமாக ஒதுங்கி நிற்பதன் காரணங்கள் வேறு. கேட்ரினில் ஏரி முன்பே இருந்தது. பொறியாளர் அதன் விளிம்பைச் சற்றே தூக்கினால் போதும் என்றாயிற்று. அஃப்ரிக்கில் அழகுக்காக வாதாட வேண்டியிருந்தது. அங்கே மின்திட்டம் கேட்டுவந்த தனியார் மசோதாக்களை 1929-லும் 1941-லும் நாடாளுமன்றம் திருப்பி அனுப்பியது. 1943-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான வடக்கு ஸ்காட்லாந்து நீர்மின் வாரியம் திட்டத்தை மாற்றி வரைந்தது. பெரிய அணை கேனிக்குக்குப் போனது. மேலே உள்ள லாக் அஃப்ரிக்கின் மட்டத்தை உயர்த்தாமல் விட்டார்கள். 1952-இல் திட்டம் நிறைவேறியது. இன்று அந்த ஏரியைச் சுற்றி நடக்கிறவர் ரசிக்கும் கரை, அன்றைய மறுப்புகள் காத்துக்கொடுத்த கரை.

கேட்ரினுக்குக் கூட்டம் வந்தது தண்ணீரால் அன்று, கவிதையால். வால்டர் ஸ்காட்டின் 'தி லேடி ஆஃப் தி லேக்' 1810-இல் வெளியானதும் வாசகர்கள் வண்டிகட்டிக்கொண்டு வந்தார்கள். பின்னால் தண்ணீருக்காக வந்த கிளாஸ்கோ நகரமும் அந்தப் பயணிகளை விரட்டவில்லை. 1899-இல் கட்டப்பட்ட 'சர் வால்டர் ஸ்காட்' நீராவிக் கப்பலின் பெயரிலேயே கவிதையும் குடிநீரும் சமாதானமாகிவிட்டன. அஃப்ரிக்கை நாடச்செய்தது கவிதையன்று, வேட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செம்மான் வேட்டைக்கென மாளிகை கட்டினார்கள்; ஊரார் ஒதுங்க, விருந்தினர் வந்தார்கள்.

நடையின் இயல்பும் இந்த வரலாறுகளிலிருந்தே வருகிறது. கேட்ரினின் வடகரையில் டிராசக்ஸ் துறையிலிருந்து ஸ்ட்ரோனக்லாகர் வரை சுமார் 21 கிலோமீட்டர் தார்ச்சாலை. நீர்த்துறைக்கென்று போட்ட சாலை அது. பொதுமக்களின் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லாததால் நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் சொந்தமாகிவிட்டது. போகும்போது கப்பல், திரும்பும்போது மிதிவண்டி என்று குடும்பங்கள் நாளை வகுத்துக்கொள்கின்றன. லாக் அஃப்ரிக்கைச் சுற்றும் பாதை சுமார் 18 கிலோமீட்டர். கல்லும் சேறும், குறுக்கே ஓடைகளும். களைத்தால் ஏறிக்கொள்ளக் கப்பல் இல்லை. பாதையை விட்டு மேற்கே தொடர்ந்தால் வண்டிச்சாலையே எட்டாத ஆல்ட்பேத் விடுதி. நடந்தோ மிதிவண்டியிலோதான் சேர முடியும். கேட்ரின் கைபிடித்துக் கூட்டிச் செல்கிறது. அஃப்ரிக் நம் கால்களைச் சோதித்துப் பார்க்கிறது. கோடையில் இரண்டிலும் மிட்ஜ் பூச்சிகள் மொய்க்கும். இரண்டிலும் புல்லுக்குள் உண்ணி உண்டு.

அமைதியிலும் ஓர் உறவு இருக்கிறது, துயரமான உறவு. கேட்ரினின் தலைப்பக்கமான கிளென்கைலில்தான் ராப் ராய் மக்கிரெகர் 1671-இல் பிறந்தார். நீர் ஏறியபோது அவர் குலத்தாரின் இடுகாடு ஒன்றைக் காக்க மேடு எழுப்ப வேண்டியிருந்தது. இன்றும் அது ஏரிக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அஃப்ரிக் ஆறு சேரும் ஸ்ட்ராத்கிளாஸில் நீர் ஏறவில்லை, ஆடுகள் ஏறின. சிஸம் குலத் தலைமை தன் குடிகளையே நிலத்திலிருந்து அகற்றி மந்தைகளுக்கு இடம்விட்டது. பலர் கடல் கடந்து நோவா ஸ்கோஷியாவுக்குப் போனார்கள். நடப்பவர் மெச்சும் தனிமைக்கு இரண்டு இடத்திலும் ஆள் விலகிய வரலாறு அடியில் கிடக்கிறது.

இனி, நான் எதிர்பாராத ஒற்றுமைக்கு வருகிறேன். அஃப்ரிக்கின் பைன்கள் பனியுகத்துக்குப் பின் எழுந்த காட்டின் வழிவந்தவை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே கிழமரங்கள் நின்றன, கன்றுகள் இல்லை. ஓநாய்கள் அழிந்துபோன நாட்டில் பெருகிய மான்கள் துளிர்த்ததையெல்லாம் மேய்ந்தன. 1951-இல் நிலத்தை வாங்கிய வனத்துறை வேலியிட்டது. பின்னர் 'ட்ரீஸ் ஃபார் லைஃப்' அமைப்பின் தன்னார்வலர்களும் சேர்ந்தார்கள். மானின் வாய் எட்டாத இடத்தில் விதைகள் தாமே முளைத்தன. கேட்ரினில் நோக்கமே வேறு. நோய்க்கிருமி குடிநீரில் சேரக்கூடாது என்று சரிவுகளிலிருந்து ஆடுகளை அகற்றினார்கள். ஆடுகள் போனதும் பிர்ச்சும் ரோவனும் எழத் தொடங்கின. நாட்டு மரங்களை நடவும் செய்தார்கள். 2015 முதல் அந்தச் சரிவுகள் டிராசக்ஸ் பெருங்காடு என்ற தேசிய இயற்கைக் காப்பகத்தின் பகுதி. ஓரிடத்தில் மரத்துக்காக மேயும் வாயைத் தடுத்தார்கள்; மற்றோரிடத்தில் மனித வாய்க்குப் போகும் தண்ணீருக்காகத் தடுத்தார்கள். வந்துசேர்ந்தது ஒரே காடு.

அந்தக் காட்டுக்கு விருந்தாளிகளும் பெரும்பாலும் ஒன்றே: பைன் மார்ட்டன், செவ்வணில், நீர்நாய், விரால் அடிப்பான், கறுப்புக் காட்டுக்கோழி. அஃப்ரிக்கின் முதிர்ந்த பைன்களில் மட்டும் கூடுதலாகக் கொண்டைச் சிட்டும், அலகு நுனிகள் பின்னிய கிராஸ்பில்லும் கிடைக்கும். இளங்காடு இன்னும் கொடுக்க முடியாதவை அவை. முதுமை காட்டின் தனிச்செல்வம். அக்கறையிலும் சிக்கல் உண்டு. மானைத் தடுத்த கம்பிவேலியில் தாழப் பறக்கும் காட்டுக்கோழிகள் மோதிச் சாகின்றன. தேக்கத்தின் மட்டம் ஏறினால் கரையோரம் முட்டையிடும் கருந்தொண்டை டைவர் பறவையின் கூடு மூழ்குகிறது. ஆகவே வேலிகளைப் புலப்படச் செய்து, தேவை தீர்ந்தால் எடுத்தும் விடுகிறார்கள்; மேட்டுநில ஏரிகள் பலவற்றில் டைவருக்கென்று மிதவைத் தீவுகளை விட்டிருக்கிறார்கள்.

இரண்டில் எது மேல் என்று கேட்டால், முதிர்ச்சியில் அஃப்ரிக், எளிய வரவேற்பில் கேட்ரின் என்பேன். ஆனால் நடந்து போகிறவர் இரண்டிலும் ஒரே அடையாளத்தைத் தேடலாம். மேய்ச்சல் மிகுந்த ஸ்காட்லாந்துப் பள்ளத்தாக்குகளில் ரோவன் கன்றுகளைப் பெரும்பாறைகளின் உச்சியில்தான் காண முடியும். அங்கேதான் மானும் ஆடும் எட்டாது. அந்தக் கன்று பாறையை விட்டு இறங்கி, பாதையோரத் தரையிலேயே நம் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள். கேட்ரினில் நிற்கிறது. அஃப்ரிக்கிலும் நிற்கிறது.