மன்னார் முத்து என்றால் நம்பி வாங்கலாமா?

மகளின் கலியாணத்துக்கு முத்துமாலை பார்க்கப் போனபோது, "அசல் மன்னார் முத்து அக்கா" என்றார் கடைக்காரர். மன்னார்க் கடலில் 1905 இல் சிப்பிகளைக் கோடிக்கணக்கில் அள்ளினார்கள். பிறகு அந்தளவு கிடைத்ததேயில்லை. இன்று கடைகளில் இருப்பவை பெரும்பாலும் சீனாவின் நன்னீர்க் குளங்களில் வளர்த்த முத்துகள். அவையும் உண்மையான முத்துகள்தான்; பெயரும் விலையும்தான் பொய்.

மாலையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல முத்தில் உங்கள் முகநிழல் தெளிவாகத் தெரியும். இரண்டு முத்துகளை மெல்ல உரசினால் நுண்மணல்போல் நெருடும். கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் வழுக்கும். துளையின் ஓரத்தில் பூச்சு உரிந்திருந்தால் போலி. முத்துக்கு முத்து முடிச்சு இருக்கவேண்டும், நூல் அறுந்தாலும் எல்லாம் சிதறாது. ஆனால் கடலில் தானாக விளைந்ததா, வளர்த்ததா என்பதை உரசி அறியமுடியாது. அதற்கு எக்ஸ்ரே பரிசோதனை வேண்டும். இயற்கை முத்தின் விலை கேட்டால் ஆய்வுகூடச் சான்றிதழைக் கேளுங்கள்.

இன்னொன்று. இடம்பெயர்ந்த காலத்தில் எங்களுக்குச் சோறு போட்டது கழுத்தில் கிடந்த பவுண். அடைவு வைக்கும்போது பொன்னின் நிறையைத்தான் பார்ப்பார்கள், முத்தைக் கழித்துவிடுவார்கள். ஆபத்துக்கு உதவுமென்று முத்தில் காசைப் போடாதீர்கள்.

நான் வளர்ப்பு முத்தின் விலைக்கே பேசி ஒரு சோடித் தோடு மட்டும் எடுத்தேன். மிச்சக் காசு மகளின் மோதிரத்துக்குப் போனது.