டூயோடோன்

அச்சகத்தில் ‘டபுள் கலர்’ என்றால் எழுத்து கறுப்பிலும் தலைப்பு சிவப்பிலும் இருந்தாலே போதும். டூயோடோன் அதுவல்ல, ஒரே கறுப்பு வெள்ளைப் படத்தை இரண்டு மைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடுவது. ‘டூயோ’ லத்தீனில் இரண்டு. ‘டோன்’ கிரேக்க ‘டோனோஸ்’ வழி வந்தது: முதலில் இழுத்துக் கட்டிய நரம்பின் விறைப்பு, பிறகு சுருதி, கடைசியில் நிறத்தின் சாயல்.

கணினியில் கிரேஸ்கேல் படத்துக்கு 256 சாயல்கள். ஒற்றை மை தாளில் காட்டுவதோ சுமார் 50தான். அந்தக் குறையை நிரப்பவே இரண்டாவது மை. கறுப்பு நிழலைப் பிடித்துக்கொள்ள, பழுப்போ நீலமோ நடுச்சாயல்களுக்கு உடம்பு தரும். மைக்கு ஒன்றாக உள்ள இரண்டு அச்சு பிளேட்டிலும் படத்தின் புள்ளி வரிசைகள் நெருங்கிய கோணங்களில் விழுந்தால் அவை சிக்கி அலையலையாக ‘மொய்ரே’ தெரியும். ஆகவே கறுப்புக்கு 45 டிகிரி, மற்றதற்கு 75. படத்தின் அடியில் வெறும் வண்ணத்தைப் பூசிவிட்டு டூயோடோன் என்பவர்களும் உண்டு. அது போலி.

ஃபோட்டோஷாப்பில் படத்தை முதலில் 8 பிட் கிரேஸ்கேல் ஆக்கினால்தான் டூயோடோன் திறக்கும். பிஎஸ்டி, இபிஎஸ், பிடிஎஃப் ஆகச் சேமிக்கலாம். ஜேபெக்கும் டிஃப்பும் இந்த முறையை ஏற்காது. மையின் பெயரில் கவனம் வேண்டும். படத்தில் ‘பான்டோன் 286 சி’ என்றும் பக்க வடிவமைப்பில் ‘பான்டோன் 286 சிவி’ என்றும் இருந்தால், ஒரே நீலத்துக்கு இரண்டு பிளேட் வந்து நிற்கும்.