தாய்ப்பாலுக்கு யார் கூலி கொடுத்தார்கள்?

1956இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஏழு பெண்கள் கூடி ‘லா லெச்சே லீக்’ அமைப்பைத் தொடங்கினார்கள். மருத்துவர்கள் புட்டிப்பாலைப் பரிந்துரைத்த காலம் அது. ஒரு தாய்க்கு இன்னொரு தாய் சொல்லிக்கொடுத்தாள், கூலி வாங்காமல். கணவன் சம்பளத்தில் வீட்டில் இருக்க முடிந்தவர்களுக்கு அது இயன்றது. வேலைக்குப் போயே தீர வேண்டிய ஏழைப் பெண்களுக்கு, குறிப்பாகக் கறுப்பினப் பெண்களுக்கு, அந்த வட்டம் பெரும்பாலும் எட்டவில்லை.

1972இல் ஏழைத் தாய்மார், குழந்தைகளுக்கான ‘விக்’ ஊட்டச்சத்துத் திட்டத்தை அரசு கொண்டுவந்தது. பால்மாவு இலவசமாகக் கிடைத்தது. காலப்போக்கில் நாட்டிலேயே மிக அதிகமாகப் பால்மாவு வாங்குவது அத்திட்டம்தான் என்றானது. தாய்ப்பால் ஊக்குவிப்புக்கென 80 லட்சம் டாலர் ஒதுக்கச் சட்டம் வந்தது 1989இல். அதே ஏழைத் தாய்மாரிலிருந்து வழிகாட்டிகளைச் சம்பளத்துக்கு அமர்த்தும் திட்டம் 2004இல்தான் வந்தது.

இதைத் தாய்ப்பாலா, பால்மாவா என்ற சண்டையாகப் படிக்க வேண்டியதில்லை. பெண் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுப்பதும் உழைப்பே என்று ஒப்புக்கொள்ள அரசுக்கு இத்தனை ஆண்டுகள் பிடித்தன. பால் கொடுப்பவளின் நேரத்துக்கோ இன்னும் விலை வைக்கவில்லை: எல்லாப் பெண்களுக்கும் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு தரும் தேசியச் சட்டம் அங்கே இன்றும் இல்லை. அறிவுரை சொல்லச் செலவு குறைவு.